ஒரு கதையின் பூர்வோத்தரம்

வியாபாரிகளுக்காக எழுதப்படும் புஸ்தகங்களில் நல்ல கதை கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்தப் பக்கம் என்ன வேலை? ஆனால் 1990-களில், 'டேட்டா மைனிங்' என்னும் புதுக் கலையை அமெரிக்க வியாபாரிகளுக்கு அறிமுகப்படுத்தக் கிளம்பியவர்கள் ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். சிறுகதைக்காரர்கள் பொறாமைப்படக்கூடிய கதை அது.

ஒரு பெரிய கடை. அதன் ரசீதுகளையெல்லாம் கம்ப்யூட்டர் புரட்டிப் பார்க்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் குழந்தைக்கு டயாபர் வாங்குகிறவர்கள் பீரும் சேர்த்து வாங்குகிறார்கள் என்று கண்டுபிடிக்கிறது. ஏன்? வீட்டில் கைக்குழந்தை. டயாபர் தீர்ந்துவிட்டது. மனைவி கணவனைக் கடைக்கு விரட்டுகிறாள். வாரம் முழுவதும் உழைத்துக் களைத்த அந்த இளம் தகப்பன், 'எனக்கும் ஏதாவது வேண்டாமா?' என்று நாலு பீர்ப் புட்டிகளையும் எடுத்துக்கொள்கிறான். விஷயம் தெரிந்த கடைக்காரர் இரண்டு சரக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குகிறார். விற்பனை ஏறுகிறது. சுபம்!

கடையின் பெயர் சொல்கிறவரைப் பொறுத்து மாறும். பெரும்பாலும் வால்மார்ட் என்பார்கள். உண்மையில் அது ஆஸ்கோ என்ற மருந்துக் கடைத் தொகுதி. அமெரிக்காவில் மருந்துக் கடை என்றால் மாத்திரை மட்டும் விற்கிற இடம் அல்ல. பால், சோப்பு, பீர் எல்லாம் அங்கே உண்டு. 1992-ல் டெராடேட்டா என்ற கம்ப்யூட்டர் கம்பெனியைச் சேர்ந்த தாமஸ் பிளிஷோக்கும் அவருடைய குழுவினரும் ஏறக்குறைய 25 ஆஸ்கோ கடைகளின் 12 லட்சம் ரசீதுகளை ஆராய்ந்தார்கள். மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் டயாபரும் பீரும் சேர்ந்து விற்றன என்று தெரியவந்தது. மெய்யான பகுதி அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கடைக்காரர்கள் இரண்டையும் பக்கத்தில் அடுக்கவும் இல்லை.

அந்த இளம் தகப்பன்? அவனை நான் மிகவும் தேடினேன். கடை ரசீதில் சரக்கின் பெயர், விலை, நேரம் இருக்கும். வாங்கினவர் ஆணா பெண்ணா, தகப்பனா பாட்டியா என்று எந்த ரசீதிலும் எழுதியிருப்பதில்லை. ஆகவே அந்தத் தகப்பனைப் படைத்தது கம்ப்யூட்டர் அல்ல. என் ஜாதிக்காரன் எவனோ ஒருவன்! களைப்பையும் மனைவியின் அதட்டலையும் சேர்த்து அவனுக்கு உயிர் கொடுத்துவிட்டான். எண்கள் மறந்து போகும். அந்த ஆள் மறப்பதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரசீதுக் குவியலில் எந்தச் சரக்கு எதனுடன் சேர்ந்து போகிறது என்று யந்திரமே தேடிக் கண்டுபிடிக்கும் முறையை ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த, இந்தியாவில் பிறந்த ராகேஷ் அகர்வாலும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது 1993-ல்தான். ஆஸ்கோவில் மனிதர்கள் கேட்டார்கள், கம்ப்யூட்டர் பதில் சொன்னது. ஆக, எந்த வித்தைக்கு விளம்பரமாகக் கதை உலவியதோ, அந்த வித்தை வருவதற்கு முன்பே நடந்த சம்பவம் அது.

'டேட்டா மைனிங்' என்ற பெயருக்கும் ஒரு பூர்வ ஜன்மம் உண்டு. பொருளாதார நிபுணர்களிடையே அது வசைச் சொல்லாக இருந்தது. கிடைத்த புள்ளிவிவரத்தை விரும்பிய முடிவு வரும்வரை குடைகிறவனை அப்படிச் சொன்னார்கள். 1983-ல் மைக்கேல் லவல் அதே தலைப்பில் ஓர் எச்சரிக்கைக் கட்டுரையே எழுதினார். அவர் கவலையை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். ஒரு கடையில் 1,000 சரக்குகள் என்றால், இரண்டிரண்டாக 4,99,500 ஜோடிகள் சேரும். தற்செயலாக நேர இருபதில் ஒரு வாய்ப்பே உள்ளதை 'உறவு' என்று ஒப்புக்கொள்வதானால், ஒரு சம்பந்தமும் இல்லாமலே சுமார் 25,000 ஜோடிகள் பரீட்சையில் தேறிவிடும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தகப்பனைக் கற்பிக்க என்னால் முடியும். அதுதான் பயமாக இருக்கிறது.

நிற்க. எல்லாப் புஸ்தகங்களையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமல்ல. 1997-ல் மைக்கேல் பெர்ரியும் கார்டன் லினாஃபும் விற்பனைக்காரர்களுக்காக எழுதிய அறிமுக நூல் நிதானமானது. கூடை ஆராய்ச்சி, முடிவு மரம், நரம்பு வலை என்று ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாக எடுத்து விளக்குகிறது.

அந்த நரம்பு வலையைப் பற்றி இரண்டு வார்த்தை. மூளையின் நரம்பைக் கணிதமாக எழுதிப் பார்க்கும் முயற்சி 1943-லேயே மக்கல்லக், பிட்ஸ் என்ற இருவரால் ஆரம்பமாயிற்று. 1958-ல் ஃபிராங்க் ரோஸன்பிளாட் கற்றுக்கொள்ளும் வலை ஒன்றை அறிவித்தார். 1969-ல் மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் எழுதிய புஸ்தகத்துக்குப் பிறகு அந்த உற்சாகம் வடிந்தது. 1986-க்குப் பிறகு மறுபடி ஊறியது. 1990-களின் தொடக்கத்தில் எச்.என்.சி. என்ற கம்பெனி திருட்டுக் கிரெடிட் கார்டைப் பிடிக்க இதை ஏவிவிட்டது. நன்றாகவே பிடித்தது. ஆனால் ஏன் சந்தேகப்பட்டாய் என்று கேட்டால் வலையால் வாய் திறந்து சொல்ல முடியாது. திருடனைப் பிடிக்கையில் அது பாதகமில்லை. கடன் கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பும்போது? அமெரிக்கச் சட்டப்படி மறுக்கப்பட்டவனுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். 'வலை அப்படிச் சொல்லிற்று' என்பது காரணமாகுமா? அந்த ஒரு மனிதனுக்காக, படம் போட்டுக் காட்டக்கூடிய முடிவு மரமே மேல் என்பது என் கட்சி.

ஆஸ்கோ கடைகளில் கடைசியில் என்னதான் செய்தார்கள்? மந்தமாக விற்ற சரக்குகள் பலவற்றை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சத்தை மாற்றி அடுக்கினார்கள். வந்து பார்த்த ஜனங்கள், கடையில் முன்னைவிட அதிகச் சரக்கு வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார்களாம். பீர்க் கதையைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. இதை ஏனோ யாரும் சொல்வதில்லை.