மிதிவண்டியை விட்டு இறங்கிய தாத்தா



என் தாத்தா பத்து பாகாட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். மிதிவண்டியில் செல்லும்போது கிராணியாரின் வீடு வந்துவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டே நடப்பாராம். வீட்டைக் கடந்த பின்னரே மீண்டும் ஏறுவாராம். நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்தும் இப்பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. ஏன் இறங்குகிறீர்கள் என்று அப்பா ஒருமுறை கேட்டதற்கு, "ஏறிக்கிட்டுப் போனா நல்லா இருக்காதுப்பா" என்று மட்டும் சொன்னாராம். அவரை இறங்கச் சொல்வாரும் அப்போது இல்லை. இறங்காவிட்டால் தண்டிப்பாரும் இல்லை.

அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார், நானும் சிரித்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாள்களில் 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்த பின்னர் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிள்ளானில் எழுந்த குரல்

1941-இல் சிலாங்கூர், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகளுள் சில. அவற்றோடு மற்றொன்றும் இருந்தது. வெள்ளைக்காரத் துரைக்கும் ஆசிய அலுவலர்களுக்கும் முன்னால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்க வேண்டும் என்றனர்.

கூலி வயிற்றுக்கானது. மிதிவண்டியோ மானத்துக்கானது. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தவர்கள் எழுத்தறிவு குறைந்தவர்கள் என்று கருதப்பட்ட நம் முன்னோர்கள். அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

பழகிப்போன எண்ணம்

துரைமார் அனைவரும் கொடியவர்கள் என்று கூறிவிட்டால் வரலாறு எளிதாகிவிடும். ஆனால், அவர்களுள் பலர் தம்மை நல்லவர்களாகவே எண்ணினர். தமிழன் பணிவானவன், சீனன் உழைப்பாளி, மலாய்க்காரன் சோம்பேறி என்னும் முத்திரைகள் அவர்களுக்கு இயற்கையின் நியதியாகவே தோன்றின. இத்தகைய முத்திரைகள் எவ்வாறு உருவாயின, யாருக்குப் பயன்பட்டன என்பதை அறிஞர் சைட் உசேன் அலாத்தாஸ் 1977-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். 'சோம்பேறிச் சுதேசி என்பது ஒரு கட்டுக்கதை' என்பதே அதன் தலைப்பின் கருத்து. வேர் இலாபம்தான். ஆயினும், அந்த இலாபத்தை நியாயமாகக் காட்டியது பழகிப்போன எண்ணம்.

அவ்வெண்ணம் சட்டத்தையும் தொட்டது. 1920-களின் பிற்பகுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும். பள்ளிகள் தோன்றின, ஆனால், பல இடங்களில் கங்காணியோ கிராணியோ ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோதான் ஆசிரியர். பால்மரம் வெட்டப் போகும் பிள்ளைக்கு இது போதும் என்பது எவரும் எழுதி வைக்காத பாடத்திட்டம்.

நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். தொழிலாளி இறங்கி நின்றது துரைக்கு முன்னால் மட்டுமன்று, நம்மவரான கிராணிக்கு முன்னாலும்தான். சாதியின் பெயரால் தனி லயங்கள் இருந்த தோட்டங்களும் உண்டு. 1929-இல் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்தபோது அவருடைய சொற்கள் இங்கே அத்துணை வரவேற்பையும் எதிர்ப்பையும் பெற்றதற்கு அதுவே காரணம்.

என் வகுப்பறையில்

சில ஆண்டுகளுக்கு முன்னர் சக ஆசிரியை ஒருவரை என் வகுப்பின் பின்வரிசையில் அமரச் சொல்லி, நான் யாரிடம் என்ன கேள்வி கேட்கிறேன் என்று குறிக்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அவர் நீட்டிய தாளைப் பார்த்துத் திகைத்தேன். சிந்தித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளுள் பெரும்பாலானவை முன்வரிசையில் அமர்ந்திருந்த, பெற்றோர் படித்த பிள்ளைகளுக்கே சென்றிருந்தன. தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவனிடம் நான் கேட்டவை இரண்டே: "புத்தகம் கொண்டு வந்தாயா? வீட்டுப்பாடம் செய்தாயா?" அவனை நான் வெறுக்கவில்லை, அவன்மீது பரிவுதான் கொண்டிருந்தேன். அந்தப் பரிவுக்குள்ளேயே 'இவனுக்கு இது போதும்' என்னும் பழைய குரல் ஒளிந்திருந்தது.

அமெரிக்க அறிஞர்கள் ரோசந்தாலும் ஜேக்கப்சனும் 1968-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு தொடக்கப்பள்ளியில் சில மாணவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, இவர்கள் இவ்வாண்டு சிறப்பாக முன்னேறுவர் என்று ஆசிரியர்களிடம் கூறினர். கீழ் வகுப்புகளில் அப்பிள்ளைகள் மற்றவர்களைவிட மிகுதியாக முன்னேறினர். அம்முன்னேற்றத்தின் அளவு குறித்துப் பின்னர் விவாதங்கள் எழுந்தன. எனினும், ஆசிரியரின் எதிர்பார்ப்பைப் பிள்ளை உணர்கிறது என்பதை நம்முள் யார் மறுப்பார்?

இப்போது என் மேசையில் ஒரு டப்பா இருக்கிறது. எல்லா மாணவர்களின் பெயர்களும் அதில் உள்ளன. கடினமான கேள்வியானால் அதிலிருந்து ஒரு சீட்டை எடுக்கிறேன். அந்த மாணவன் முதன்முறை எழுந்தபோது பதில் தவறாகத்தான் வந்தது. மூன்றாவது வாரத்தில் பெயரை அழைக்கும் முன்னரே கையை உயர்த்தினான்.

பெற்றோர்களே, "பெண்பிள்ளைக்குக் கணக்கு வராது", "அந்த வீட்டுப் பிள்ளையோடு சேராதே" என்னும் சொற்கள் நம் வீடுகளில் எவ்வளவு எளிதாக வாயில் வருகின்றன! அந்தப் 10 காசு வேறுபாடு இன்னும் நம் நாவில் இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

தாத்தா தம் இறுதிநாள் வரை இறங்கியே நடந்தார். நம் பிள்ளைகளை யாருக்கு முன்னாலும் இறங்கி நடக்க விடாதிருப்போம்; அவர்களை இறக்குபவர்களாக நாமும் இல்லாதிருப்போம்.