குயவன் ஒட்டிய மூக்கு

ஒருவனை அவையில் தலைகுனிய வைத்துவிட்டோம் என்பதைத் தமிழர் ‘அவன் மூக்கை அறுத்துவிட்டோம்’ என்று சொல்லுவர். காதை அறுத்தோம் என்றோ விரலை அறுத்தோம் என்றோ சொல்லுவாரிலர். முகத்தின் நடுவே நிற்பதும், துணி கொண்டு மறைத்தாலன்றி மறையாததுமாகிய மூக்கே மானத்தின் உறைவிடமாகக் கருதப்பட்டு வந்தது. சூர்ப்பணகை பட்ட பாட்டை நம் கூத்து மேடைகள் சிரித்துக்கொண்டே காட்டி வந்திருக்கின்றன; ஒரு பெண்ணின் முகத்தை அழித்தது எவ்வகை வீரம் என்று கேட்டவர் சிலரே. இது நிற்க.

இஃது பேச்சளவில் நின்ற வழக்கமன்று. 1656ஆம் ஆண்டையொட்டி மைசூர் அரசன் கண்டீரவ நரசராசனின் படை, மதுரைத் திருமலை நாயக்கரின் நாட்டுக்குள் புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு சேர்த்து அரிந்து, மூட்டை கட்டித் தம் அரசனுக்கு அனுப்பிற்று. ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடு பாராட்டப்படவில்லை. சேதுபதியின் படை உதவிக்கு வந்து மைசூராரைத் துரத்திற்று. பின்னர்த் திருமலை நாயக்கரின் தம்பி குமாரமுத்து மைசூர் நாட்டுக்குள் நுழைந்து, தம் பங்குக்கு அங்குள்ளோரின் மூக்கை அறுத்தார். மூக்கறு போர் என்று சரித்திரம் இதற்குப் பெயரிட்டிருக்கிறது. இரண்டு அரசரின் மானத்திற்காக மூக்கைக் கொடுத்தவர் இரு நாட்டு ஊர்மக்கள் என்பதை நம் பள்ளிப் புத்தகங்கள் அழுத்திச் சொல்வதில்லை.

போன மூக்கைத் திரும்பப் பெற வழி இருந்ததா? இருந்தது. அதை உலகறியச் செய்தவன் ஒரு மாட்டுவண்டிக்காரன்.

காவஸ்ஜி என்பது அவன் பெயர். மராட்டிய நாட்டான். 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயர் படைக்கு மாடோட்டியவன். திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தான். ஓராண்டுக்கு மேல் மூக்கின்றியிருந்து, பின் பூனாவுக்கு அருகே ஒருவனிடம் புது மூக்கு வைத்துக்கொண்டான். இச்செய்தி 1794ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனிலிருந்து வெளிவந்த ‘ஜென்டில்மென்ஸ் மாகஸீன்’ என்னும் பத்திரிகையில், பி. எல். என்று மட்டும் ஒப்பமிட்ட ஒருவரின் கடிதமாக, படத்துடன் அச்சாயிற்று. வேலையை நேரில் பார்த்த ஆங்கில வைத்தியர் இருவரின் பெயர் அதில் உண்டு. மாட்டுக்காரனின் பெயரும் உண்டு. வேலையைச் செய்தவனின் பெயர் மட்டும் இல்லை. செங்கல் செய்யும் சாதியான் என்பதே அவனைப் பற்றிய குறிப்பு. குயவர் மரபினன் என்று பின்னுள்ளோர் கொண்டனர். பெயரில்லாமல் சாதியால் மட்டும் அறியப்பட்ட ஒருவனே அன்று ஐரோப்பா அறியாத தொழிலைக் கையில் வைத்திருந்தான் என்க.

அவன் செய்தது இது. மெழுகை மெல்லிய தகடாக்கி, அறுபட்ட அடிமூக்கின்மேல் வைத்து மூக்கின் உருவாய் அமைத்தான். அத்தகட்டை எடுத்துத் தட்டையாக்கி நெற்றியின்மேல் வைத்து ஓரத்தைச் சுற்றிக் கோடு கிழித்தான். அக்கோட்டின் வழியே நெற்றித் தோலை உரித்தான். ஆனால் முழுவதும் அறுத்தெடுக்கவில்லை. இரண்டு கண்களுக்கும் இடையே ஒரு சிறு தோற்பாலத்தை விட்டுவைத்தான். திறமெல்லாம் அந்தப் பாலத்தில் இருக்கிறது. தடித்த தோலை உடம்பிலிருந்து அறவே பிரித்து வேறிடத்தில் ஒட்டினால், இரத்தம் கிடையாமல் சில நாளில் கறுத்துச் செத்துவிடும். பாலம் இருக்கும் வரை பழைய இடத்து இரத்தம் தோலை உயிரோடு காக்கும். அதற்குள் புதிய இடத்து இரத்தக்குழாய்கள் அதனுள் வளர்ந்துவிடும். தோலை நேரே கீழ்நோக்கி மடித்தால் உட்புறம் வெளியே வந்துவிடும். ஆதலால் அதனைப் பக்கவாட்டில் அரைச்சுற்றுத் திருப்பி இறக்கினான். பழைய வடுவைச் சீவிப் பச்சைப் புண்ணாக்கி, அங்கே கீறிய பிளவில் புதுத் தோலின் ஓரத்தைச் செருகினான். தைக்கவில்லை. காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணிக்கீற்றுகளில் தடவி, ஐந்தாறு கீற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினான். நான்கு நாட் கழித்து அவற்றை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி வைத்தான். ஐந்தாறு நாள் நோயாளி மல்லாந்தே கிடக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துளைகள் மூடிப்போகாதபடி மென்துணித் துண்டுகள் செருகப்பட்டன. ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள், தோல் உயிர் பிடித்த பின், பாலம் அறுக்கப்பட்டது.

வெற்றிலைப் பெட்டியில் கிடக்கும் காசுக்கட்டியும் அடுப்பங்கரை நெய்யும் கொண்டு நடந்த வேலை இது. நாள் கணக்கைப் பாருங்கள். எந்த நாளில் துணி எடுப்பது, எந்த நாளில் பாலம் அறுப்பது என்பது ஒருவன் ஒருமுறை செய்து கண்டதாக இராது. பல தலைமுறை மூக்குகளில் தேறிய கணக்காகவே இருக்க வேண்டும்.

இவ்விடத்தில் நம் பழமைப் பெருமைக்காரர் எழுந்து, ‘இதெல்லாம் சுசுருதர் அன்றே சொன்னது’ என்பர். சொன்னது உண்மையே. அறுந்த மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அதற்கு ஒப்பக் கன்னத்துச் சதையைப் பாலம் விட்டு அரிந்து, மூக்கில் ஒட்டி, மூச்சுக்காக இரண்டு குழல் வைத்து, அதிமதுரம் முதலியவற்றின் பொடி தூவி, பஞ்சு வைத்து, எள்ளெண்ணெய் விடுக என்று சுசுருத சங்கிதை கூறுகிறது. ஆயினும் நூல் சொன்னது கன்னத்தை. பூனாக்காரன் எடுத்தது நெற்றியை. நெற்றித் தோல் மூக்கின் தோலுக்கு நிறத்திலும் தடிப்பிலும் நெருங்கியது. இன்றளவும் பெரிய குறைகளுக்கு வைத்தியர் அதனையே நாடுகின்றனர். நூலைத் தாண்டிய இந்தத் திருத்தம் ஏடு படித்தவர் வீட்டில் பிறந்ததாகத் தெரியவில்லை. கருவி பிடித்தவர் கையில் பிறந்திருக்கிறது.

அதே சுசுருத சங்கிதை, பிணத்தை அறுத்து உடம்பை அறிய வேண்டும் என்றும், பூசணியிலும் வெள்ளரியிலும் வெட்டிப் பழக வேண்டும் என்றும் மாணவனுக்கு விதிக்கிறது. அந்த நூலைப் போற்றிய சமூகம் மனு நூலையும் போற்றிற்று. மனுவோ வைத்தியன் இடும் சோற்றைச் சீழுக்கு ஒப்பிட்டு, அவனைச் சிராத்தப் பந்தியிலிருந்து விலக்கிவைத்தார். பிணம் தீட்டு, இரத்தம் தீட்டு, சீழ் தீட்டு என்று ஆனபின் கத்தியை யார் தொடுவர்? ஏடு ஒரு சாதியிடமும் கத்தி இன்னொரு சாதியிடமும் போயின. தமிழ்நாட்டிலும் கட்டியைக் கீறியவர் நாவிதர். பிள்ளைப்பேறு பார்த்தவர் அவர் வீட்டுப் பெண்டிர். மருத்துவர், மருத்துவச்சி என்ற பெயரை அவர்களுக்குக் கொடுத்த ஊர், திண்ணையில் இடம் கொடுக்கவில்லை. செய்கிறவன் எழுதமாட்டான், எழுதுகிறவன் செய்யமாட்டான் என்ற இந்த ஏற்பாட்டில் ஒரு தொழில் வளர முடியாது. தந்தையிடமிருந்து மகனுக்குப் போய், மகன் இல்லாத வீட்டில் அவிந்துவிடும்.

இலண்டனில் நடந்ததை இதற்கு எதிரே வைத்துப் பார்க்கலாம். ஜோசப் கார்ப்யூ என்னும் வைத்தியர் பூனாச் செய்தியைப் படித்தார். இந்தியாவிலிருந்து திரும்பியவர்களிடம் விசாரித்தார். பிணங்களில் செய்து பழகினார். பல ஆண்டு காத்திருந்து, 1814 அக்டோபர் 23ஆம் நாள், ஈரல் நோய்க்காக உட்கொண்ட பாதரசத்தால் மூக்கை இழந்த ஒரு படை அதிகாரிக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்தார். மயக்க மருந்து இல்லாத காலம். 1816இல் அந்த அதிகாரியையும், போரில் மூக்கு வெட்டுண்ட இன்னொருவரையும் பற்றிப் படங்களோடு நூல் வெளியிட்டார். அதன்பின் தொழில் ஐரோப்பா எங்கும் பரவிற்று. ஐரோப்பியருக்கு மூக்குத் தொழில் அடியோடு தெரியாதிருந்தது என்பதுமன்று. 1597இல் தாலியாகோசி என்னும் இத்தாலியப் பேராசிரியர், புயத்துத் தோலை மூக்கில் இணைத்து, ஒட்டும் வரை கையைத் தலையோடு கட்டிவைக்கும் முறையை விரிவாக எழுதியிருந்தார். பிறன் தசையில் செய்த மூக்கு, அவன் சாகும்போது தானும் விழுந்துவிடும் என்று அந்நாட்டார் கதை கட்டிச் சிரித்ததில் அவர் முறை மறைந்து போயிற்று. மூடநம்பிக்கையை நாம் மட்டும் குத்தகைக்கு எடுக்கவில்லை.

முதல் உலகப்போரில் முகம் சிதைந்த போர்வீரர் ஆயிரக்கணக்கில் வந்தனர். 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் என்னும் ஊரில் அவர்களுக்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. நியூசிலாந்தில் பிறந்த ஹெரால்டு கில்லீஸ் அங்கே 5,000 பேருக்கு மேற்பட்டோரின் முகங்களைச் சீராக்க வழிகாட்டினார். தோற்பாலத்தைக் குழல்போல் சுருட்டித் தைத்தால் அழுகல் குறையும் என்று கண்டு கையாண்டவர் அவர்.

வாளும் குண்டும் போக, மூக்கைத் தின்னும் மற்றொன்று உண்டு, அது தொழுநோய். பெருநோய் என்று நம் முன்னோர் அஞ்சியது. இதில் மேல்தோல் அழிவதில்லை. உள்ளிருக்கும் சவ்வும் குருத்தெலும்பும் அரிக்கப்பட்டு, தூண் போன பந்தல்போல் மூக்கு உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. ஆகவே நெற்றித் தோல் வேண்டியதில்லை. மேலுதட்டின் உட்புறம் கீறி நுழைந்து, சுருங்கிய தோலை விடுவித்து, உடலின் வேறிடத்து மெல்லிய தோலை ஓர் அச்சின்மேல் சுற்றி உள்ளே வைத்து ஒட்டவிட்டு, பின் எலும்போ வேறு தாங்கியோ கொடுத்து நிறுத்துவர். கில்லீஸ் வகுத்த இம்முறை தொழுநோயாளருக்கும் பயன்பட்டது. 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு, மடங்கிப்போன விரல்களை நிமிர்த்திக் கொடுப்பதில் பெயர் பெற்றவர். நோய் நீங்கிக் கை சரியான பின்னும் தம் நோயாளருக்கு வேலை கிடைக்கவில்லை, முகம் காட்டிக்கொடுத்தது. ஆதலால் மூக்கையும் உயர்த்தினார். உதிர்ந்த புருவத்துக்குத் தலைமுடியோடு கூடிய தோல்துண்டைக் கொண்டுவந்து பதித்தார். தலைமுடி ஆதலால் அது வளர்ந்துகொண்டேயிருக்கும், கத்தரித்துவர வேண்டும்.

கோலசிலாங்கூரிலிருந்து அசாம் ஜாவா, ஈஜோக் வழியாகக் கோலாலம்பூர் செல்வோர் சுங்கை பூலோவைக் கடந்தே செல்கின்றனர். பூச்செடி விற்கும் தோட்டங்களால் அவ்வூரைப் பலர் அறிவர். 1930இல் அங்கே திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில், நோயாளராக இருந்தவர்கள் தொடங்கிய தொழில் அது. நம் தோட்டங்களிலிருந்தும் அங்கே அனுப்பப்பட்டவர் உண்டு. குணமாகித் திரும்பியவரும் உண்டு.

அப்படித் திரும்பிய ஒரு மூதாட்டியை வடசிலாங்கூரில் ஒரு தோட்டத் திருமணத்தில் யாம் கண்டோம். எல்லார்க்கும் எவர்சில்வர்க் குவளை வைத்த பந்தியில் அவர் இலைமுன் காகிதக் குவளை இருந்தது. வைத்தவர் படித்தவர். அந்நோய் மருந்தால் அறவே தீர்வது என்பதும், தீர்ந்தவரிடமிருந்து தொற்றாது என்பதும் அவருக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை. சப்பைந்த மூக்கு அவருடைய படிப்பை வென்றுவிட்டது. பந்தி முடிந்தபின் மூதாட்டியின் பக்கத்தில் அமர்ந்து பேசினோம். விரல்களை நீட்டிக் காட்டினார். ஆசுபத்திரியில் அறுவை செய்து நிமிர்த்தியவை. அதன்பிறகு பல ஆண்டு மரம் வெட்டிப் பால் எடுத்திருக்கிறார். மூக்குக்கும் அவ்வாறு செய்வார்களே, கேட்கவில்லையா என்றோம்.

“கையைக் கேட்டேன், வேலைக்குன்னு செஞ்சு குடுத்தாங்க. மூக்கைக் கேட்டா, ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு அழகு கேக்குதான்னு சிரிக்க மாட்டாங்களா தம்பி?” என்றார்.

அப்போது அவருக்கு வயது 31.