சாமிக்கு எத்தனை ஹிட் பாயிண்ட்?

ஒரு புத்தகத்தின் மதிப்பு என்ன? பின்னட்டையில் போட்டிருக்கும் விலையா, பழைய புத்தகக்காரர் கேட்கும் விலையா, இல்லை வாங்கியவனுக்குக் கிடைத்த பயனா? ஆடம் ஸ்மித் 1776-லேயே இந்தச் சிக்கலைத் தொட்டுவிட்டார். தண்ணீர் இல்லாமல் உயிர் வாழ முடியாது, ஆனால் விலை அற்பம். வைரத்தால் பெரிய உபயோகம் இல்லை, விலையோ கேட்கவே வேண்டாம். பயன் மதிப்பு வேறு, பரிமாற்ற மதிப்பு வேறு என்றார் அவர். இதற்கு ஒரு விளையாட்டுப் புத்தகமே நல்ல உதாரணமாக இருக்கிறது.

அந்த விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்த டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்டது. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசி ஆடுவார்கள். சண்டை வந்தால் பகடை உருட்டித் தீர்ப்பு. ஒரு பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்பதைச் சொல்லும் எண்தான் ஹிட் பாயிண்ட். அது பூஜ்யமானால் ஆள் காலி!

அடிப்படை விதிகள் மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வந்தன, விலை 10 டாலர். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் துணைநூல்கள் வந்தன. துணைநூல் இல்லாமலும் ஆட்டம் ஆடலாம். அதனால் வாங்குபவன் மனதில் ஒரே கேள்விதான்... இது காசுக்குத் தகுமா?

நான்காவது துணைநூல் 1976-ல் வந்தது. பெயர் காட்ஸ், டெமி-காட்ஸ் அண்ட் ஹீரோஸ். ராபர்ட் குன்ட்ஸ், ஜேம்ஸ் வார்டு இருவரும் எழுதியது. கிரேக்கம், எகிப்து, இந்தியா, வடஐரோப்பா என்று பல நாட்டுத் தெய்வங்களுக்கும் ஹிட் பாயிண்ட் போட்டுக் கொடுத்தார்கள். ஏன்? முன்னுரை எழுதிய டிம் காஸ்க் காரணம் சொல்லியிருந்தார். சில இடங்களில் ஆட்டத்தை நடத்துபவர்கள் புதையலையும் லெவலையும் வாரி வழங்கிக்கொண்டிருந்தார்கள். தெய்வங்களின் தலைவன் ஓடினுக்கே 300 ஹிட் பாயிண்ட்தான், அப்படியிருக்க நாற்பது லெவலைத் தாண்டிய மனித வீரனை யார் மதிப்பார்கள் என்று கேலி செய்தார் அவர். அதாவது அந்த எண்கள் ஓர் எச்சரிக்கை.

ஆனால் வாசகர்கள் பலர் அதை எப்படிப் படித்தார்கள்? எண் இருந்தால் அடிக்கலாம், அடித்தால் கொல்லலாம்! எச்சரிக்கையாக எழுதியது வேட்டைப் பட்டியலாகிவிட்டது. 1980-ல் இந்த நூல் விரிந்து டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் என்று கெட்டி அட்டையில் வந்தபோது ஓடினுக்கு 400 ஹிட் பாயிண்ட். விலைவாசி தெய்வத்தையும் விடவில்லை போலும்.

இந்த 1980 நூலில்தான் வைரக் கதை ஆரம்பம். முதலில் 144 பக்கம். எச்.பி.லவ்கிராஃப்டின் கதுல்ஹு கதைகளுக்கும் மைக்கேல் மூர்காக்கின் மெல்நிபோனே கதைகளுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் இருந்தன. ஆனால் அந்தக் கதைகளை வைத்து விளையாட்டு வெளியிடும் உரிமை கேயோசியம் என்ற போட்டி நிறுவனத்திடம் இருந்தது. பேச்சுவார்த்தையில் உடன்பாடு ஏற்பட்டு, கேயோசியத்துக்கு நன்றி தெரிவிக்கும் வரி ஒன்று நூலில் சேர்ந்தது. சொந்தப் புத்தகத்தில் போட்டியாளருக்கு நன்றியா? டி.எஸ்.ஆருக்கு அது உறுத்தியது. அடுத்து வந்த அச்சில் இரண்டு அத்தியாயங்களையும் தூக்கிவிட்டார்கள். மிச்சம் 128 பக்கம்.

அன்றிலிருந்து 144 பக்கப் பிரதிக்குத்தான் கிராக்கி. போன 16 பக்கத்துக்காகவே சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். 1985-ல் நூலின் பெயர் லெஜண்ட்ஸ் அண்ட் லோர் என்று மாறியது. மத எதிர்ப்பைத் தணிக்கத்தான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. உள்ளே பெரிய மாற்றம் இல்லை. சரக்கு அதே, லேபிள் மட்டும் வேறு.

சரி, பயன் மதிப்பு எங்கே இருந்தது? இந்திய அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திரன், அக்னி, விஷ்ணு, காளி, கார்த்திகேயன் எல்லோரும் எண்களோடு நிற்கிறார்கள். முருகனைப் பற்றி அந்தப் பக்கம் சொல்வதைவிட நம் ஊர்ப் பாட்டி அதிகம் சொல்வார், அதுவும் இலவசமாக! கிரேக்கக் கதைகளும் அப்படித்தான், எந்த நூலகத்திலும் கிடைக்கும். வேறு இடத்தில் சும்மா கிடைப்பதற்கு எண் போட்டு விற்றால் மதிப்பு கொஞ்சம்தான்.

வேறெங்கும் கிடைக்காதது அதே நூலில் சில பக்கங்களில் இருந்தது. எல்ஃப்களின் தெய்வம் கோரெலன், குள்ளர்களின் தெய்வம் மொராடின், ஆர்க்குகளின் ஒற்றைக்கண் தெய்வம் க்ரூம்ஷ். இவை ஆட்டத்துக்கென்றே புதிதாகப் படைக்கப்பட்டவை. எல்ஃப் வீரன் யாரைக் கும்பிடுவான், ஆர்க் எதற்காகச் சண்டைக்கு வருகிறான் என்பதற்கு அவை பதில் தந்தன. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிநூலிலும் இந்த மூன்று பெயர்களும் இருக்கின்றன. கொல்வதற்கான எண்ணாக இல்லை, கும்பிடுவதற்கான பெயராக!

ஆக, சந்தை 16 பக்கங்களுக்கு விலை வைத்தது, காரணம் அவை போய்விட்டன. ஆடியவர்கள் வேறு சில பக்கங்களுக்கு மதிப்பு வைத்தார்கள், காரணம் அவை மேஜைக்குத் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு துணைநூலை எடைபோட வேண்டுமானால் இரண்டு கேள்வி போதும். இதில் இருப்பது வேறெங்கும் கிடைக்குமா? அடுத்த வாரமும் இது மேஜைக்கு வருமா?

முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதற்கு ஆமாம் என்றால் தைரியமாக வாங்கலாம். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை...