விதையோடு வராத பூச்சி: தைலமரமும் இலை முடிச்சும்

மாசிக்காய் என்பது காய் கிடையாது. கைக்குழந்தைக்கு உரை மருந்து இழைக்கும் வீடுகளில் இன்றும் அது இருக்கும். கெட்டியான, முள்முள்ளான உருண்டை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் காய் என்றுதான் எடுத்துக் கொடுப்பார்கள். உண்மையில் அது மேற்காசியாவில் வளரும் ஒரு வகை ஓக் மரத்தின் கிளையில், மிகச் சிறிய குளவி ஒன்று முட்டையிட்டதால் உண்டான வீக்கம். குளவியின் புழு உள்ளே இருந்துகொண்டு மரத்தைத் தனக்கு வீடு கட்ட வைக்கிறது. சாப்பாடும் அந்த வீட்டுச் சுவர்தான். கடுக்காய்ப்பூ என்று விற்பதும் இதே கதைதான். அது பூ இல்லை, கடுக்காய் மரத்தில் பூச்சியால் வந்த புடைப்பு.

நெல் விவசாயிக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனைக்கொம்பன் விழுந்த பயிரில் குருத்து வெங்காயத்தாள் மாதிரி வெள்ளைக் குழலாக நீளுமே, அதுவும் ஒரு ஈயின் புழு செய்கிற வேலை. புங்க இலையில் விரல் விரலாக முளைத்து நிற்பது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேன்களின் கைவரிசை. இந்தக் கட்டுரையில் இவை எல்லாவற்றையும் 'முடிச்சு' என்றே சொல்லப் போகிறேன்.

சரி, இப்போது தைலமரத்துக்கு வருவோம். திருத்தணியைத் தாண்டி நகரிப் பக்கம் போனால் மரம் மாறாது, பெயர் மட்டும் மாறும். நம் பக்கம் தைலமரம், யூகலிப்டஸ். புதுக்கோட்டை மாதிரி தெற்கத்தி மாவட்டங்களில் 'ஆர்.எஸ்.பதி மரம்'. நீலகிரித் தைலம் விற்ற கம்பெனியின் பெயரே மரத்துக்கு நிலைத்துவிட்டது. தெலுங்கில் 'நீலகிரி செட்டு', இல்லையென்றால் 'ஜாமாயில்'. 1960 ஏப்ரலில் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் இன்னும் நம் மலையின் பெயரைச் சொல்லித்தான் இந்த மரத்தைக் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் மரம் நீலகிரியுடையதும் இல்லை. யூகலிப்டஸில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நியூகினி, திமோர் பக்கத்துச் சில இனங்கள் போக, மற்ற எல்லாவற்றுக்கும் தாயகம் ஆஸ்திரேலியா. நீலகிரியில் 1843-ல் முதலில் நட்டார்கள். 1856-லிருந்து ஒழுங்கான தோட்டங்களாகவே போட ஆரம்பித்தார்கள். காரணம் எளிமையானது: விறகு. ஊட்டியில் ஆங்கிலேயர் குடியேறிய சில பத்தாண்டுகளிலேயே சோலைக்காட்டு மரங்களை வெட்டி அடுப்பெரித்துவிட்டார்கள். குளிருக்கு விறகு வேண்டும், அதுவும் சீக்கிரம் வளர வேண்டும். சமவெளிக்குப் பரவியது வேறொரு வகை. மைசூர் பக்கம் நந்தி மலையில் நின்ற மரங்களின் விதையிலிருந்து பெருகிய 'மைசூர் கம்'. 1950, 60-களில் காகிதக் கூழுக்காகவும் கம்பத்துக்காகவும் அரசு இதைப் பல்லாயிரம் ஏக்கரில் நட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த மரம் நம் நாட்டுக்கு விதையாக வந்தது. யூகலிப்டஸ் விதை கடுகைவிடச் சிறியது. ஒரு சின்னப் பொட்டலத்தில் ஒரு காட்டையே கட்டிக் கொண்டுவரலாம். இலை வரவில்லை, கிளை வரவில்லை. இலையிலும் கிளையிலும் குடியிருந்தவர்களும் வரவில்லை.

அந்தக் குடியிருப்பவர்கள் யார் என்று பார்த்தால்தான் விட்டுவந்தது என்ன என்று புரியும். ஆஸ்திரேலிய யூகலிப்டஸ்களில் ஏபியோமார்ஃபா என்ற செதில் பூச்சிக் கூட்டம் இருக்கிறது. மாவுப் பூச்சியின் உறவினர்கள். 1860-களிலேயே சிட்னியில் இவற்றைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். சுமார் 40 இனங்கள், எல்லாமே முடிச்சு கட்டுபவை. இளம் குஞ்சு ஒன்று காற்றில் மிதந்து வந்து ஒரு கொழுந்தில் வாய் ஊசியைக் குத்தி உட்காரும். பெண் என்றால் அத்தோடு சரி, பிறகு அந்த இடத்தை விட்டு நகராது. மரம் அதைச் சுற்றி மரக்கட்டை போலக் கெட்டியான கூடு ஒன்றை வளர்த்துக் கொடுக்கும். சில இனத்தின் கூட்டுக்கு நாலு கொம்பு இருக்கும். சிலவற்றுக்கு நீளமான வால்கள். நுனியில் ஒரு சிறு துளை மட்டும் திறந்திருக்கும். ஆணின் முடிச்சு வேறு மாதிரி, சின்னக் குழாய். அவன் சிறகோடு வெளியே வருவான், சாப்பிட வாயே கிடையாது. அந்தத் துளை வழியாகத்தான் கலவி. பிறகு செத்துப்போவான். பெண்ணோ சில இனங்களில் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே வாழும். இந்த ஒரே பேரினத்துக்குள் குரோமோசோம் எண்ணிக்கை 4-ல் தொடங்கி 190-க்கு மேல் போகிறது. அந்த மரங்களோடு எவ்வளவு நீண்ட காலமாகப் பிணைந்து இந்தப் பூச்சிகள் மாறி மாறி வந்திருக்கின்றன என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம்.

இப்படிப்பட்ட பூச்சி விதைப் பொட்டலத்தில் ஏற முடியுமா? முடியாது. ஏபியோமார்ஃபா மட்டுமில்லை, யூகலிப்டஸைத் தின்று வாழும் நூற்றுக்கணக்கான பூச்சிகள் அங்கேயே நின்றுவிட்டன. நம் ஊர்ப் பூச்சிகளுக்கோ தைலமர இலை பழக்கமில்லாத சாப்பாடு. கரையான் இளங்கன்றை அரிக்கும். அது தவிரப் பெரிய தொல்லை இல்லை. 'ஆடு தின்னாது, பூச்சி விழாது, தண்ணி பாய்ச்ச வேணாம்' என்று தைலமரத்துக்குக் கிடைத்த நற்பெயரில் பாதி இப்படி வந்ததுதான். மரத்தின் குணம் என்று நாம் நினைத்ததில் ஒரு பங்கு, எதிரியைப் பின்னால் விட்டுவந்த சௌகரியம்.

அந்த நற்பெயரை நம்பித்தான் பிறகு எல்லாம் நடந்தது. கிணறு வற்றிய நிலம், ஆள் கிடைக்காத நிலம், பிள்ளைகள் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்ட வீட்டு நிலம் என்று எல்லாவற்றிலும் தைலமரம் ஏறியது. நாலைந்து வருடத்தில் வெட்டலாம். அடிக்கட்டையிலிருந்து தானே துளிர்க்கும், மறுதாம்பு விட்டு இன்னும் இரண்டு, மூன்று முறை வெட்டலாம். 1989-ல் ஆந்திரத்தின் பத்ராசலம் காகித ஆலை குளோன் கன்று வேலையைத் தொடங்கியது. நன்றாக வளர்ந்த ஒரே மரத்தின் தண்டுத் துண்டுகளிலிருந்து அச்சு அசலான கன்றுகள். விதைக்கன்றைவிட விளைச்சல் பல மடங்கு கூடியது. குளோன் கன்றுகள் தமிழ்நாட்டுக் காட்டுக்கும் வந்தன. ஒரு வயல் முழுக்க ஒரே மரம் என்று சொல்கிற நிலை. வளர்ச்சிக்கும் கூழுக்கும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பூச்சியைத் தாங்குமா என்று பார்க்க அப்போது அவசியமே வரவில்லை, பூச்சிதான் இல்லையே.

வந்தது 2001, 2002-ல். தமிழ்நாட்டில் மரக்காணம் பக்கம், கர்நாடகத்தில் மாண்டியா பக்கம். கொழுந்து இலையின் நடுநரம்பிலும் காம்பிலும் இளந்தண்டிலும் வரிசையாக முடிச்சுகள். முதலில் பச்சை, பிறகு பளபளவென்று இளஞ்சிவப்பு, கடைசியில் பழுப்பு. இலை சுருண்டு, குருத்து வளைந்து, கன்று மேலே போகாமல் புதர் மாதிரி நின்றுவிடும். நாற்றங்காலும், இரண்டு வயதுக்குள் இருந்த தோட்டங்களும், மறுதாம்புத் துளிர்களும்தான் அதிகம் அடி வாங்கின. முற்றிய மரம் பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. விவசாயிக்கு எங்கே வலிக்கும் என்று பாருங்கள்: வெட்டிய பின் சும்மாவே வரும் என்று நம்பியிருந்த இரண்டாவது விளைச்சல்.

செய்தது செதில் பூச்சி இல்லை, 1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு குளவி. 2000-ல் இஸ்ரேல் உட்பட மத்தியதரைக் கடல் நாடுகளில் முதலில் கண்ணில் பட்டது. 2004-ல் லெப்டோசைப் இன்வேசா என்று பெயர் வைத்தார்கள். பேரினமே புதிது. ஆஸ்திரேலியப் பூச்சிதான், ஆனால் ஆஸ்திரேலியாவில் யாரும் அதுவரை அதைக் கவனித்ததில்லை. அங்கே அதைக் கட்டுக்குள் வைக்க ஆள் இருந்ததால் அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. சொந்த ஊரில் பெயரில்லாமல் இருந்த பூச்சிக்கு வெளியூரில்தான் பெயர் கிடைத்தது, அதுவும் 'படையெடுப்பவன்' என்று பொருள்படும் பெயர்.

செதில் பூச்சி வராத இடத்துக்கு இந்தக் குளவி மட்டும் எப்படி வந்தது? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது. குளவியின் முட்டை இலைத் திசுவுக்குள் இருக்கும், வெளியே தெரியாது. முட்டை குளவியாகி வெளிவர நாலு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை கன்று நலமாகத்தான் தோன்றும், லாரியில் ஏறும், மாநிலம் தாண்டும். பெரும்பாலும் ஆண் துணையே இல்லாமல் பெண்கள் பெண்களையே ஈனும். ஒரே ஒரு குளவி வந்து சேர்ந்தாலும் ஒரு வம்சம் தொடங்கிவிடும். ஏபியோமார்ஃபாவுக்கோ ஆண் வேண்டும், காலம் வேண்டும், அசையாத கிளை வேண்டும். விதை மட்டும் பயணம் செய்த காலத்தில் இரண்டுமே வர முடியவில்லை. உயிருள்ள செடியும் கன்றும் ஊர் விட்டு ஊர் போகும் காலம் வந்ததும் குளவிக்கு வண்டி கிடைத்துவிட்டது.

மருந்தடித்துப் பார்த்தார்கள். முடிச்சுக்குள் இருக்கும் புழுவுக்கு அது எட்டவில்லை. நாற்றங்காலில் கொஞ்சம் உதவியது, அவ்வளவுதான். கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் முடிச்சு விழாத, அல்லது விழுந்தாலும் தாங்குகிற குளோன்களைத் தேடிப் பிரித்தது. இன்னொரு பக்கம், குளவியின் எதிரியைத் தேடி ஆஸ்திரேலியாவுக்கே போக வேண்டியிருந்தது. குயின்ஸ்லாந்தில் கிடைத்த ஒட்டுண்ணிக் குளவிக்கு, ஸ்வி மெண்டல் என்ற இஸ்ரேலியப் பூச்சியியலாளர் நினைவாக, 2008-ல் குவாட்ராஸ்டிக்கஸ் மெண்டலி என்று பெயரிட்டார்கள். அது முடிச்சுக்குள் இருக்கும் புழுவின் மேலேயே முட்டையிடும். பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசிய அமைப்பு இதை இஸ்ரேலிலிருந்து வரவழைத்து வளர்த்து வெளியே விட்டது. மருந்தால் முடியாததை நோய் தாங்கும் கன்றும் இந்தக் குளவியும் சேர்ந்து செய்தன. முடிச்சு ஒழியவில்லை, ஆனால் விவசாயி தோட்டத்தைப் பிடுங்கிப் போடும் நிலை தணிந்தது.

பூச்சியை வைத்து வேலை வாங்குவது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. சாயத்துக்காகக் கொச்சினீல் என்ற செதில் பூச்சியை வளர்க்க 1780-களின் கடைசியில் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி டாக்டர். 1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த பூச்சியோ மட்டமான ரகம். சாயம் தேறவில்லை. ஆனால் அது சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்ப்பதைப் பார்த்தவர்கள், 1830-களில் கள்ளியை ஒழிக்கவே தென்னிந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தார்கள். களையை ஒழிக்கத் தெரிந்தே ஒரு பூச்சியை ஏவியதில் உலகிலேயே மிகப் பழைய நிகழ்ச்சி இதுதான் என்று அறிவியல் நூல்கள் சொல்கின்றன.

'தைலமரம் நிலத்தடி நீரை உறிஞ்சுது, பூச்சி தின்னா தின்னட்டுமே' என்று சிலர் கேட்கலாம். அந்த மரத்தின் மேல் உள்ள வழக்கு நியாயமானதுதான், அதற்கு வேறு இடத்தில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் இந்தக் கணக்கில் நட்டப்பட்டது மரம் நடச் சொன்னவர்கள் இல்லை, நட்டவர்கள். இன்று சவுக்கிலும் மலைவேம்பிலும் இதே பாணியில் குளோன் கன்று வருகிறது. 'பூச்சி விழாத மரம்' என்று யாராவது விற்றால், எந்த ஊர் மரம், எத்தனை குளோன் கலந்து நடுகிறீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. கன்று வாங்கும்போது கொழுந்தைத் திருப்பி நடுநரம்பைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று வரிசையாகத் தட்டுப்பட்டால் அந்தக் கன்றை வாங்க வேண்டாம்.