முன்னாடியே சொல்லிட்டு இரண்டு முறை விற்றவர்கள்

என் அலமாரியில் 'தி ஃபெலோஷிப் ஆஃப் தி ரிங்' இரண்டு பெட்டியாக இருக்கிறது. ஒன்று 2002 ஆகஸ்ட் பதிப்பு, இரண்டு டிஸ்க். இன்னொன்று அதே வருஷம் நவம்பர் பதிப்பு, நாலு டிஸ்க், பழைய தோல் அட்டைப் புத்தகம் மாதிரி ஒரு உறைக்குள். ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் "ஒரே படம் எதுக்கு ரெண்டு?" என்ற கேள்வி வீட்டில் வரும். நியாயமான கேள்விதான்.

இப்படி இரண்டு தடவை காசு கொடுத்து வாங்கின மத்த படங்களை நினைச்சா எனக்கு எரிச்சல் வருது. இதை நினைச்சா மட்டும் வரலை. ஏன் என்று யோசித்தபோது கிடைத்த காரணம் ரொம்பச் சின்னது. முதல் பெட்டியை விற்கும்போதே இரண்டாவது பெட்டி எப்போ வரும், அதில் என்ன இருக்கும் என்று சொல்லிட்டாங்க. இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அந்தக் காலத்து வீடியோ வியாபாரம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அதன் கனம் புரியும்.

அமெரிக்காவில் விஹெச்எஸ் கேசட் காலத்தில் முன்கூட்டிய அறிவிப்பு என்பது ரசிகருக்கானதே இல்லை, கடைக்காரருக்கானது. பெரும்பாலான புதுப் படங்களின் கேசட் விலை 80, 90 டாலர் இருக்கும். அதை வாங்குவது வாடகைக் கடை. நாம் அங்கே போய் ஓர் இரவுக்கு எடுத்து வருவோம். அதனால் ஸ்டுடியோ சில வாரங்கள் முன்பே கடைகளுக்குத் தகவல் அனுப்பும்: இந்தப் படம், இந்த விலை, இந்தத் தேதிக்குள் ஆர்டர் கொடுக்கணும், இந்தச் செவ்வாய்க்கிழமை கடைக்கு வரும். வீட்டில் வைத்துக்கொள்ள ஜனங்களே வாங்கட்டும் என்று விலையைக் குறைத்து விட்டது சில படங்களுக்கு மட்டும்தான். 1987இல் 'டாப் கன்' 26.95 டாலர், 1988இல் 'ஈ.டி.' 24.95 டாலர். 1997இல் டிவிடி வந்தபோது இந்தக் கணக்கு தலைகீழானது. ஆரம்பத்திலேயே அதை வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளாகத்தான் விலை வைத்தார்கள். அதோடு கடைக்காரருக்குப் போய்க்கொண்டிருந்த அறிவிப்பு நேராக நம்மிடம் வர ஆரம்பித்தது.

வாங்கி வைத்துக்கொள்பவனுக்கு ஒரு பிரச்சினை உண்டு. வாடகைக்கு எடுக்கிறவனுக்கு அடுத்த வருஷம் நல்ல பதிப்பு வந்தால் கவலையில்லை, அதை எடுத்துப் பார்த்துட்டுப் போவான். வாங்கினவன் மாட்டிக்கொள்வான். 'டைட்டானிக்' 1999இல் டிவிடியாக வந்தது. ஒற்றை டிஸ்க், சொல்லிக்கொள்கிற மாதிரி கூடுதல் சமாச்சாரம் எதுவும் கிடையாது, அகலத் திரைக்கு ஏற்ற அனமார்ஃபிக் முறையிலும் படத்தைப் பதிக்கவில்லை. ஒழுங்கான சிறப்புப் பதிப்பு வந்தது 2005இல். 'டெர்மினேட்டர் 2' 2000இல் 'அல்டிமேட்' என்ற பெயரில் வந்தது. அல்டிமேட் என்றால் இதுக்கு மேல இல்லைன்னுதானே அர்த்தம்? 2003இல் 'எக்ஸ்ட்ரீம்' வந்தது. ரசிகர்கள் இதற்கு 'டபுள் டிப்' என்று பெயர் வைத்தார்கள். ஒரே கிண்ணத்தில் இரண்டு முறை தொட்டுச் சாப்பிடுவது.

சரி, அடுத்த பதிப்பு வரப்போகிறது என்று தெரிந்தும் ஸ்டுடியோக்கள் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்றார்கள்? என் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இதற்குப் பதில் தெரியும். அதற்கு ஒரு பெயரே இருக்கிறது: ஆஸ்போர்ன் எஃபெக்ட்.

இங்கே கொஞ்சம் வழி மாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடம் ஆஸ்போர்ன் 1981இல் 'ஆஸ்போர்ன் 1' என்ற கணினியைக் கொண்டு வந்தார். விலை 1,795 டாலர், எடை 11 கிலோ, திரை 5 அங்குலம். கையில் தூக்கிக்கொண்டு போகலாம், தோள்பட்டை தாங்கினால். நன்றாகவே விற்றது. பிறகு இதைவிட நல்ல மாடல் வரப்போகிறது என்று அவர் முன்கூட்டியே பேசிவிட்டார், கடைக்காரர்கள் பழைய மாடலுக்கான ஆர்டரை நிறுத்திவிட்டார்கள், கையில் காசு இல்லாமல் 1983 செப்டம்பரில் கம்பெனி திவாலானது என்பது கதை. முழு உண்மை அவ்வளவு சுலபம் இல்லை. அதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையோடு கேப்ரோ வந்து சந்தையில் நின்றதும் ஒரு முக்கியக் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஆனால் கதைதான் நிலைத்தது. 'அடுத்ததைப் பற்றி இப்போ பேசாதே' என்று எந்த மேனேஜரும் சொல்வது இதை மனதில் வைத்துத்தான்.

இந்த ஆஸ்போர்ன் சின்ன வயதில் வளர்ந்தது திருவண்ணாமலையில். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியார், ஆசிரமத்தின் 'மவுன்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கியவர். மகன் அமெரிக்கா போய், ஜெயித்து, தோற்று, கடைசியில் தமிழ்நாட்டுக்கே திரும்பி 2003 மார்ச்சில் கொடைக்கானலில் காலமானார். வியாபாரப் பாடப் புத்தகங்களில் ஓர் எச்சரிக்கையாக மட்டுமே நிற்கிற பெயருக்குப் பின்னால் கிரிவலப் பாதை இருக்கிறது என்று முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரலை.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2002இல் நியூ லைன் சினிமா செய்தது ஆஸ்போர்ன் செய்ததாகச் சொல்லப்படும் அதே காரியத்தைத்தான். படம் 2001 டிசம்பர் 19இல் திரைக்கு வந்தது. டிவிடி 2002 ஆகஸ்ட் 6 (நான் சொல்வதெல்லாம் அமெரிக்கத் தேதிகள்). ஆனால் அந்த டிஸ்க் கடைக்கு வருவதற்கு முன்பே, நவம்பர் 12இல் நாலு டிஸ்க் கொண்ட விரிவாக்கப் பதிப்பு வரும், படத்திலேயே 30 நிமிஷம் கூடும் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னதோடு நிற்கவில்லை. ஆகஸ்ட் பெட்டியின் இரண்டாவது டிஸ்க்கைப் போட்டால், நவம்பர் பதிப்பில் என்ன வரப்போகிறது என்ற முன்னோட்டமே அதில் இருக்கிறது. நீங்கள் இப்போதுதான் காசு கொடுத்து வாங்கிய பொருள், 'இன்னும் மூணு மாசத்துல இதைவிடப் பெருசு ஒண்ணு வருது' என்று உங்களிடம் சொல்கிறது!

ஏன் துணிந்தார்கள்? அது வெறும் நல்ல மனசு என்று நான் நம்பலை. காலண்டரைப் பாருங்கள். மூன்று படங்களையும் நியூசிலாந்தில் ஒரே மூச்சில், 1999 அக்டோபரிலிருந்து 2000 டிசம்பர் வரை எடுத்து முடித்துவிட்டார்கள். 'தி டூ டவர்ஸ்' 2002 டிசம்பர் 18இல் திரைக்கு வரவேண்டும். நவம்பர் 12இல் முதல் படத்தின் பெரிய பெட்டி வீட்டுக்கு வந்தால், ஐந்து வாரத்தில் அடுத்த படத்துக்கு ஜனங்கள் தயாராக இருப்பார்கள். இரண்டாவது டிவிடியை மறைத்து வைப்பதில் கிடைக்கும் லாபத்தைவிட, அதைப் பற்றி ஊர் முழுக்கப் பேச வைப்பதில் கிடைக்கும் லாபம் பெரிசு.

இன்னொரு காரணமும் தோன்றுகிறது. இரண்டு பெட்டிகளும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதாக இல்லை. ஆகஸ்டில் இருந்தது தியேட்டரில் பார்த்த அதே 178 நிமிஷப் படம், முழுசாக. நவம்பரில் வந்தது வேறு ஒரு வெட்டு, 208 நிமிஷம். கூடுதல் காட்சிகளுக்கு ஹோவர்ட் ஷோர் புதிதாக இசையமைத்திருந்தார். இயக்குநரும் எழுத்தாளர்களும், வடிவமைப்பாளர்கள், தயாரிப்புக் குழு, நடிகர்கள் என்று நாலு தனித்தனி உரையாடல் டிராக்குகள், படம் எடுத்த கதையைச் சொல்ல மட்டும் இரண்டு டிஸ்க். பீட்டர் ஜாக்சன் இதை 'டைரக்டர்ஸ் கட்' என்று சொல்ல மறுத்தார். தியேட்டரில் வந்ததுதான் தன் படம், இது ரசிகர்களுக்காக என்றார். ஆக, குழந்தைகளோடு ஒரு மாலை பார்க்க நினைப்பவருக்கு ஆகஸ்ட் போதும். டோல்கீனைக் கரைத்துக் குடித்தவர் நவம்பர் வரை காத்திருக்கலாம். என்னை மாதிரி ஆளு ரெண்டையும் வாங்கும், ஆனால் தெரிந்தே வாங்கும். ஆஸ்போர்ன் கதையில் பழைய மாடலை வாங்க ஒரு காரணமும் மிஞ்சவில்லை. இங்கே மிஞ்சியது.

அடுத்த இரண்டு வருஷமும் இதே வழக்கம் தொடர்ந்தது. 'தி டூ டவர்ஸ்' 2003 ஆகஸ்ட், பிறகு நவம்பர். 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' 2004 மே, பிறகு டிசம்பர். இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது, அறிவிப்பே தேவையில்லை. ஒரு வாக்குறுதி வழக்கமாகி, வழக்கம் படத்தின் வெட்டுக்குள்ளேயே புகுந்ததும் இங்கேதான். மூன்றாவது படத்தின் திரையரங்கப் பதிப்பில் சாருமான் ஒரு காட்சியில்கூட இல்லை. இரண்டு படம் முழுக்க வில்லனாக நின்ற பாத்திரம். நடித்தவர் கிறிஸ்டோஃபர் லீ, ஜாக்சன் குழுவில் டோல்கீனை நேரில் சந்தித்திருந்த ஒரே ஆள். அவர் தன் வருத்தத்தை வெளிப்படையாகவே சொன்னார். ரசிகர்கள் மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஜாக்சன் தரப்பு பதில்: அந்தக் காட்சி டிவிடியில் வரும். வந்தது, 2004 டிசம்பர் 14இல். அதாவது தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தவருக்கு சாருமான் என்ன ஆனான் என்று தெரிய ஒரு வருஷம் ஆனது. பெரிய பெட்டி உறுதி என்று தெரியாமல் இருந்திருந்தால் எடிட்டிங் மேசையில் அந்தக் காட்சியை அவ்வளவு எளிதாகத் தூக்கியிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான். நம்மிடத்திலும் 'அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்' என்று சொல்ல முடிகிற நாளில்தான் முக்கியமான ஃபீச்சர் கழண்டு விழும்.

முன்கூட்டிச் சொல்வதிலேயே இன்னொரு ரகம் உண்டு; வரப்போவதை அல்ல, போகப்போவதைச் சொல்வது. டிஸ்னி பல வருஷம் இதைச் செய்தது. ஒரு கார்ட்டூன் படம் கடைக்கு வரும்போதே, இந்தத் தேதிக்குப் பிறகு பெட்டகத்துக்குள் போய்விடும், கிடைக்காது என்பார்கள். 1995இல் 'ஸ்டார் வார்ஸ்' மூன்று படங்களின் கேசட்டையும், மூல வடிவத்தை வாங்க இதுவே கடைசி வாய்ப்பு என்று விளம்பரப்படுத்தி விற்றார்கள். விளம்பரம்தானே, சும்மா சொல்றாங்கன்னு நினைச்சவங்க ஏமாந்தார்கள். 1997இல் மாற்றி அமைத்த ஸ்பெஷல் எடிஷன் வந்தது. 2004 டிவிடியில் மேலும் மாற்றங்கள். மூல வடிவம் டிவிடியில் வந்தது 2006 செப்டம்பரில், டிசம்பர் 31 வரைக்கும் மட்டும், அதுவும் கூடுதல் டிஸ்க்காக. படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்றால் 1993 லேசர்டிஸ்க்குக்காகச் செய்த பழைய பிரதியிலிருந்து. இது முன்பே தெரிந்துவிட்டதால் ரசிகர்கள் சத்தம் போட்டார்கள். ஒன்றும் மாறவில்லை, சொன்னபடியே வந்தது. மறைக்காமல் சொன்னதால் மட்டும் ஒரு மோசமான பதிப்பு நல்லதாகிவிடாது.

நியூ லைனும் கடைசிவரை அதே ஆளாக இருக்கவில்லை. 2006இல் இரண்டு வெட்டுகளையும் சேர்த்து, புது ஆவணப்படத்தோடு மூன்றாவது முறை டிவிடி விட்டார்கள். அதை நான் வாங்கலை. 2008இல் நியூ லைன் வார்னருக்குள் கரைந்தது. 2010 ஏப்ரலில் ப்ளூ ரே வந்தபோது திரையரங்கப் பதிப்பு மட்டும்தான். நீளமான பதிப்பு அதோடு வரவில்லை. எட்டு வருஷம் முன்பு இதே வரிசைக்குக் கை தட்டிய அதே ரசிகர்கள், டிஸ்க் கைக்கு வருவதற்கு முன்பே அமேசானில் ஒற்றை நட்சத்திரமாகக் குவித்தார்கள். படத்துக்கு ஒரு நட்சத்திரமா என்று வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் புரியலை. நாள் குறித்துச் சொன்னால் காத்திருக்க அவர்கள் தயாராக இருந்தவர்கள்தான், 2002இல் அதை நிரூபித்தவர்கள். நீளமான பதிப்பு ப்ளூ ரேயில் வந்தது 2011 ஜூனில். வந்ததும் முதல் படம் முழுக்க ஒரு பச்சைச் சாயல் என்று புதுச் சண்டை ஆரம்பித்தது, அது தனிப் பதிவுக்கான விஷயம்.

2020 டிசம்பரில் 4கே வந்தபோது இரண்டு வெட்டுகளும் ஒரே பெட்டியில், ஒரே நாளில்.

நவம்பர் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துட்டேன். படம் முடிந்து, படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியலும் முடிந்த பிறகு இன்னொரு பட்டியல் ஆரம்பிக்கும். படம் வருவதற்கு முன்பே அதிகாரப்பூர்வ ரசிகர் சங்கத்தில் காசு கட்டிச் சேர்ந்த ஆரம்ப உறுப்பினர்களின் பெயர்கள். உறுப்பினர் ஆனால் டிவிடியில் உங்கள் பெயர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். இசையோடு கிட்டத்தட்ட 20 நிமிஷம் ஓடுகிறது. 208 நிமிஷப் படத்துக்கு உறையில் 228 என்று சில இடங்களில் இருப்பது அதனால்தான். ப்ளூ ரேக்குப் போனபோதும் அந்தப் பெயர்களை அவர்கள் வெட்டவில்லை.