மின்பதிப்பும் மானாவாரிப் பூமியின் ஆய்வேடுகளும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, குமாரலிங்கபுரம் போன்ற மானாவாரி வட்டார ஊர்களிலிருந்து ஆய்வுப் படிப்புக்குச் சென்றவர்களுக்கு நெடுங்காலம் பெரிய நூலகம் என்றால் மதுரைதான். 1966-இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு, காலிகோ கட்டும் பொன்னெழுத்துமாகச் சில படிகளே எடுக்கப்படும். ஒன்று நூலகத்துக்கு, ஒன்று துறைக்கு, ஒன்று நெறியாளருக்கு. கரிசல் கண்மாய்களைப் பற்றிய ஏடாயினும், கண்மாய்க்கரையில் வாழ்பவர் அதைப் பார்க்க மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது.

அறிவியல் இதழ்களின் நிலை இன்னும் கடினம். வெளிநாட்டு இதழ்கள் கப்பல் தபாலில் மாதக்கணக்கில் தாமதித்து வந்தன. சந்தா கட்ட முடியாத கல்லூரிக்கு அதுவும் இல்லை. இந்தத் தாமதத்தை முதலில் உடைத்தவர்கள் இயற்பியலாளர்கள். 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ‘ஆர்க்கைவ்’ களஞ்சியத்தில், அச்சேறுமுன்பே கட்டுரைகள் எல்லோருக்கும் கிடைத்தன. சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனம் அதன் இந்தியப் படியைத் தன் கணினியில் வைத்திருந்தது. இங்குள்ள ஆய்வாளருக்குக் கட்டுரை காலத்தோடு கிடைத்ததற்கு இந்த ஏற்பாடு பெரிதும் உதவியது.

ஆனால் மின்வடிவம் வந்ததாலேயே வாசல் திறந்துவிடவில்லை. பெரிய பதிப்பகங்கள் இணையத்திலும் சந்தாவைத் தொடர்ந்தன. யார் படிக்கலாம் என்பதைக் கருவி முடிவு செய்யவில்லை. அமைப்புகள் எடுத்த முடிவுகளே தீர்மானித்தன என்பது என் கருத்து. சி.வி. ராமன் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் 1990களின் இறுதியிலிருந்து தன் இதழ்களைக் கட்டணமின்றி இணையத்தில் தந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம் 2002-இல் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளுக்கெனக் களஞ்சியம் அமைத்தது. சென்னையில் சுப்பையா அருணாசலம் கட்டற்ற அணுக்கத்துக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2004-இல் நடந்த பயிலரங்குகள், களஞ்சியம் அமைக்கும் வேலையையே கற்றுக்கொடுத்தன. அருணாசலத்தின் உழைப்பு இன்னும் உரக்கப் பேசப்பட வேண்டியது.

ஆய்வேடுகளுக்குத் திருப்பம் 2009-இல் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு மின்வடிவப் படியைக் கட்டாயமாக்கியது; அவற்றைச் சேர்த்துவைக்கும் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தைக் காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. அங்கே ஓர் ஏட்டைத் திறந்தால் முகப்பு, சான்றிதழ், உள்ளடக்கம், இயல்கள் எனத் தனித்தனிக் கோப்புகளாக வரிசையில் நிற்கும். மதுரையில் அலமாரியில் இருந்த உழைப்பு, குமாரலிங்கபுரத்தில் கைபேசியிலேயே திறக்கும்.

தமிழ் ஏடுகளுக்கு ஒரு குறை மிஞ்சியிருக்கிறது. ஒருங்குறி பரவும்முன் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானவற்றிலிருந்து வரியை நகலெடுத்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் வரும். ‘கண்மாய்’ என்று தேடினால் அகப்படாது. படமாக மட்டும் ஸ்கேன் செய்யப்பட்டவையும் அப்படியே. ஏடு திறந்திருக்கிறது, தேடுபவர் கண்ணில் படுவதில்லை. எழுத்துருவை மாற்றும் நிரல்கள் இருக்கின்றன. பழைய ஏடுகளை ஒருங்குறிக்குக் கொண்டுவரும் வேலையைப் பல்கலைக்கழகங்கள் தாமே ஏற்க வேண்டும்.

இதழ்களின் பக்கம் பார்த்தால், 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை வாங்குகிறது. பயன்பெறுபவை அரசு நிர்வகிக்கும் 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். இந்த வட்டாரப் பிள்ளைகள் பலர் படிக்கும் சுயநிதிக் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் இல்லை.