ஞாயிற்றுக்கிழமைக் காலையும் ஊரின் நினைவும்



வரலாறு என்றவுடன் நம் மனம் அரசர்களையும் போர்களையும் கல்வெட்டுகளையும் நாடிச் செல்கிறது. ஸ்ரீபெரும்புதூர் என்றால் இராமாநுசர் பிறந்த ஊர் என்பதும், 1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி உயிரிழந்த ஊர் என்பதும் நினைவுக்கு வருகின்றன. ஒரகடம் என்றால் மோட்டார்த் தொழிற்சாலைகள் நினைவுக்கு வருகின்றன. இவை எல்லாம் வரலாறுதான். ஆயினும் இவ்வூர்களில் வாழ்வோரிடம் சற்று அமர்ந்து பேசிப் பாருங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள் சிறிது நேரத்தில் தம் இளமைக்குத் திரும்பிவிடுவார்கள். "அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை இருக்கிறதே!" என்று தொடங்கி, தொலைக்காட்சியில் தாம் கண்ட நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி மகிழ்வார்கள். இந்த ஏக்கம் வரலாறு ஆகுமா? ஆகுமானால், அதை எவ்வாறு கையாள்வது? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இவ்வகை ஏக்கம் நமக்கு மட்டும் உரியது அன்று. அமெரிக்க நாட்டில் அதற்கு உரிய நாள் சனிக்கிழமை. 1960களின் நடுவில் அங்குள்ள பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் சிறுவர்க்கான சித்திரப் படங்களைச் சனிக்கிழமைக் காலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிபரப்பத் தொடங்கின. பெரியவர்கள் பெட்டியின் முன் அமராத வேளை அது. அவ்வேளையில் ஒளிபரப்புச் செலவு குறைவு. பொம்மைகளும் காலை உணவுப் பண்டங்களும் விற்போர்க்குச் சிறுவர்களே வாடிக்கையாளர்கள். ஆகவே வாணிகக் கணக்கு ஒன்று, ஒரு தலைமுறையின் இனிய நினைவாக மாறிற்று. தேசிய நிறுவனங்களுள் கடைசியாக இவ்வழக்கத்தைக் காத்துவந்த ஒன்று, 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அதை நிறுத்திக்கொண்டது. அப்போது அங்கும் பலர் வருந்தினர்.

நம் நாட்டில் பல பள்ளிகளுக்குச் சனிக்கிழமையும் வேலைநாள். ஞாயிறே விடுமுறை. எனவே நம் சிறுவர்களின் நாள் ஞாயிறு ஆயிற்று. 'சக்திமான்' என்னும் தொடர் 1997ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், ஒரு சனிக்கிழமையன்று தொடங்கியது. பின்னர் அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்கே வந்து சேர்ந்தது. பள்ளி மணியின் ஆட்சி அத்தகையது!

தொலைக்காட்சிக்கு முன்பு வானொலி இருந்தது. சென்னையில் 1924ஆம் ஆண்டிலேயே ஆர்வலர் சிலர் கூடி வானொலிக் கழகம் ஒன்றை அமைத்து ஒலிபரப்பினர். பணமின்றி அம்முயற்சி 1927ஆம் ஆண்டு நின்றது. அக்கருவிகளைப் பெற்றுக்கொண்ட மாநகராட்சி 1930ஆம் ஆண்டு முதல் தானே ஒலிபரப்பை நடத்தியது. பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மாநகராட்சிப் பள்ளிச் சிறுவர்களுக்கு இசைப் பாடமும் கதையும் ஒலித்தன. 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. அந்நிலையத்தில் சிறுவர் நிகழ்ச்சிகளை நடத்தியவர்களைப் பிள்ளைகள் 'வானொலி அண்ணா' என்று உறவு முறை சொல்லி அழைத்தனர். அவ்வாறு அழைக்கப்பட்டவர்களுள் எழுத்தாளர் கூத்தபிரானும் ஒருவர். முகம் தெரியாத ஒருவர், குரல் ஒன்றினாலேயே ஆயிரம் வீடுகளுக்கு அண்ணன் ஆகிவிட்டார்.

நான் சிறுவனாக இருந்த 1960களில் எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு வானொலி கிடையாது. ஊராட்சி மன்றத்துப் பெட்டி ஒன்று இருந்தது. மாலையில் அதன் ஒலிபெருக்கி பேசத் தொடங்கும். கதை கேட்க நாங்கள் மண் தரையில் அமர்ந்திருப்போம். பள்ளி மாணவனாக வானொலி கேட்டேன். பின்னர் ஆசிரியப் பயிற்சி முடித்து வகுப்பில் நின்றபோது தொலைக்காட்சி ஊருக்குள் வருவதைக் கண்டேன். ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல இயலும்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் டில்லியில் சோதனை முறையில் தொடங்கிற்று. 1961ஆம் ஆண்டிலேயே அங்குள்ள பள்ளிகளுக்குப் பாட ஒளிபரப்பும் வந்துவிட்டது. சென்னை நிலையம் தொடங்கியது 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள். அதற்கு இரண்டு வாரம் முன்னர், அதே மாதம் முதல் நாள், வேறொரு பெரிய சோதனை தொடங்கியிருந்தது. அமெரிக்கா கடனாக அளித்த செயற்கைக்கோளின் துணைகொண்டு ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. ஓராண்டுக் காலம் நடந்த அச்சோதனையில் காலை ஒளிபரப்பு பள்ளிச் சிறுவர்களுக்கு என்றே ஒதுக்கப்பட்டிருந்தது. பீகார், ஒரிசா, இராசத்தான், மத்தியப் பிரதேசம், ஆந்திரம், கர்நாடகம் ஆகியவை அம்மாநிலங்கள். தமிழ்நாடு அவற்றுள் இல்லை. இச்செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

ஸ்ரீபெரும்புதூர் சென்னையிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. படம் தெளிவாக விழ வேண்டுமானால் வீட்டின் மேல் உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்ட வேண்டும். காற்று அடித்தால் அது திரும்பிவிடும். ஒருவர் மேலே ஏறித் திருப்ப, கீழே இருப்பவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுப்பார். சென்னை நிலையத்தின் 'கண்மணிப் பூங்கா' போன்ற சிறுவர் நிகழ்ச்சிகள் இவ்வாறுதான் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தன. 1982ஆம் ஆண்டு வண்ண ஒளிபரப்பும் நாடு முழுமைக்குமான நிகழ்ச்சியும் வந்தன. 1987ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் 'இராமாயணம்' தொடங்கி, 1988 சூலை வரை ஞாயிறு தோறும் காலையில் நடந்தது. அது சிறுவர்க்கென எடுக்கப்பட்டது அன்று. ஆனால் சிறுவர்களே முன்வரிசையில் அமர்ந்தனர். திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் பையன்களின் பைகளில் துடைப்பத்து ஈர்க்குச்சியால் செய்த அம்புகள் இருக்கும். அவற்றைப் பிடுங்கி மேசை அறையில் வைப்பது அந்நாளில் எனக்கு வாரந்தோறும் ஏற்பட்ட வேலை.

1993ஆம் ஆண்டு மௌக்ளி வந்தான். அவன் வந்த வழி வியப்புக்குரியது. பம்பாயில் பிறந்த ஆங்கிலேயரான கிப்ளிங் மத்திய இந்தியக் காட்டைக் களமாக வைத்து எழுதிய கதைகள் 1894ஆம் ஆண்டு நூலாயின. சப்பானியர் அதனைச் சித்திரத் தொடராக வரைந்தனர். அது இந்தியில் குரல் மாற்றப்பட்டு, குல்சார் எழுதிய பாட்டுடன் தூர்தர்சனில் ஒளிபரப்பாகி, தமிழ் பேசும் நம் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

இனி நம் வினாவுக்கு வருவோம். நான் பணியில் இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். "உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதன்முதலாகத் தொலைக்காட்சியை எப்போது, எங்கே, யாருடன் கண்டார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள்" என்றேன். வந்த விடைகளுள் மூன்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு முதியவர், 1972ஆம் ஆண்டு சென்னை ஒளிபரப்பைத் தம் ஊரில் கண்டதாகச் சொல்லியிருந்தார். நிலையமே 1975ஆம் ஆண்டுதான் பிறந்தது. ஆகவே ஆண்டு பிழை. நினைவு நிகழ்ச்சியைக் காத்து, ஆண்டை நழுவ விடும் இயல்புடையது. எனவே வரலாறு எழுதுவோர் ஆவணத்தை அருகில் வைத்துக்கொண்டே நினைவைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது விடை ஒரு மாணவியின் பாட்டியார் சொன்னது. தாம் கண்ட இராமாயணத்தில் இராமரும் சீதையும் தமிழில் பேசினார்கள் என்று அவர் உறுதியாகக் கூறினார். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தொடர் இந்தியில் நடந்தது. வகுப்பு முழுதும் சிரித்தது. நான் அம்மாணவியை மறுபடியும் அனுப்பி, அந்தக் கூடத்தில் யார் யார் இருந்தனர் என்று கேட்கச் சொன்னேன். இந்தி கற்ற பெரியவர் ஒருவர் பெட்டியின் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு காட்சிக்கும் உரக்கப் பொருள் சொல்லிவந்தார் என்று தெரிய வந்தது. பாட்டியாரின் காதில் விழுந்தது உண்மையிலேயே தமிழ்தான்! அவர் நினைவைப் பிழை என்று தள்ளியிருந்தால், மொழி அறியாத மக்கள் அத்தொடரை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்னும் செய்தியே நமக்குக் கிடைத்திராது. எந்த அரசு ஆவணத்திலும் அது எழுதப்படவில்லை.

மூன்றாவது விடை மிகச் சிறியது. வயல் வேலை செய்து வாழ்ந்த ஒரு தாயார் சொன்னது: "அந்த வீட்டுக்குள் எங்களைச் சேர்க்கமாட்டார்கள். மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்று சத்தம் கேட்டிருக்கிறேன். படம் பார்த்தது அரசாங்கம் பெட்டி கொடுத்த பிறகுதான்." 2006ஆம் ஆண்டு தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி, 2011ஆம் ஆண்டிற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளை வழங்கியது. சென்னை நிலையம் தொடங்கி முப்பது ஆண்டு கழித்தே அவர் வீட்டுக்குள் படம் வந்தது. "ஊரே ஒன்றாகக் கூடிப் பார்த்தோம்" என்று பலர் இனிமையாகச் சொல்கிறார்கள். அவ்வாறு சொல்லும்போது, உள்ளே அமர்ந்தவர் யார், சன்னலுக்கு வெளியே நின்றவர் யார், கொட்டகையில் நின்றவர் யார் என்று நாம் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் நம் ஏக்கம் ஒரு பகுதி மக்களை மீண்டும் ஒரு முறை வெளியே நிறுத்திவிடும். அன்று அவ்விடையை வகுப்பில் படித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

நிற்க. இவ்வூர்களின் தோற்றம் இப்போது மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2006ஆம் ஆண்டு நோக்கியாவின் கைப்பேசி ஆலை வந்தது. 2014ஆம் ஆண்டு மூடப்பட்டது. 2007ஆம் ஆண்டு சாம்சங் ஆலை தொடங்கியபோது, அங்கே தொலைக்காட்சிப் பெட்டிகளே செய்யப்பட்டன. ஒரு பெட்டியைக் காணச் சிறுவர்கள் வரப்பு வழியே நடந்த பகுதியில், நூற்றுக்கணக்கான பெட்டிகள் வரிசையாக வெளிவந்தன. 2010ஆம் ஆண்டு ஒரகடத்தில் இரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது. பெட்டி இருந்த பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டு, தொழிலாளர் தங்கும் அறைகள் எழுந்துள்ளன.

அவ்வறைகளில் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர் வாழ்கின்றனர். அண்மையில் ஒரகடம் சாலையில் ஒரு தேநீர்க் கடையில் நின்றிருந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க பீகார்த் தொழிலாளர் ஒருவர் மௌக்ளியின் பாட்டை மெல்ல முணுமுணுத்தார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் அடுத்த அடியைப் பாடினார்! பாட்டின் பொருள் அவருக்குத் தெரியாது. மெட்டும் ஒலியும் தெரியும். ஒருவர் மொழி மற்றவர்க்குப் புரியாத அவ்விருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை.

முன்பு நினைவில் வைக்கச் சொன்னதை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். 1975ஆம் ஆண்டுச் செயற்கைக்கோள் சோதனையில் பீகாரும் ஒடிசாவும் இருந்தன. நம் தெருவில் குடியிருக்கும் தொழிலாளி ஒருவரின் தந்தையார், நம் தாத்தாவுக்கு முன்னரே தம் சிற்றூரில் தொலைக்காட்சி கண்டவராக இருத்தல் கூடும். நாம் அவர்களை வேலைக்கு வந்தவர்கள் என்று மட்டும் எண்ணுகிறோம். அவர்களிடமும் கேட்க வேண்டிய வரலாறு உண்டு.

மாணவர்களே, அக்காலத்து வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுள் பல நேரடியாக நடந்து காற்றோடு போயின. அவற்றைக் கண்டவர், கேட்டவர் நினைவே பல வேளைகளில் எஞ்சியுள்ள சான்று. அவர்களுக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடமும், தெருவில் குடியிருப்போரிடமும் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: எப்போது கண்டீர்கள்? யாருடன் கண்டீர்கள்? எங்கே இருந்து கண்டீர்கள்? முதல் விடையை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மற்ற இரண்டையும் அவர்கள் சொன்ன சொல் மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். கேட்ட நாளையும் குறித்து வையுங்கள். இவ்வட்டாரத்தின் வரலாற்றை எழுதப்போகிறவர்களுக்கு அக்குறிப்பேடு உதவும்.